செல்லப்பிள்ளை என்றால் புகழ்ச்சியா, புகாரா?

பூப்பந்துப் போட்டியில் வென்று திரும்பிய இளைஞர் ஒருவரை, 'ரசிகர்களின் செல்லப்பிள்ளை' என்று நாளிதழின் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறது. அதே நாளிதழின் அரசியல் பக்கத்தில், குத்தகைகள் எல்லாம் ஒரே நிறுவனத்துக்குப் போகின்றன என்று குறைகூறும் ஒருவர், அந்த நிறுவனத்தை 'அமைச்சின் செல்லப்பிள்ளை' என்கிறார். முதலாவது பாராட்டு, இரண்டாவது குற்றச்சாட்டு. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரங்களில் இந்தச் சொல் நாள்தோறும் புழங்குகிறது. பிறந்தநாள் வாழ்த்து விளம்பரத்தில் 'செல்ல மகள்' இருக்கிறாள்; அணிச்சலின் (கேக்கின்) மேல் 'செல்லக்குட்டி' எழுதப்படுகிறது; கால்நடை மருந்தகத்தின் பலகையில் 'செல்லப்பிராணி' இருக்கிறது; அடையாள அட்டையில் இல்லாத பெயருக்குச் 'செல்லப்பெயர்' என்று பெயர். இத்தனை இடங்களில் வரும் சொல்லுக்கு ஒரே பொருள்தானா, எந்த இடத்தில் அது இனிக்கிறது, எந்த இடத்தில் குத்துகிறது என்ற குழப்பம் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் மட்டுமல்லாமல், செய்தி எழுதுவோரிடமும் மொழிபெயர்ப்போரிடமும் காணப்படுகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவது நல்லது.

செல்வத்திலிருந்து வந்த செல்லம்

'செல்ல' என்ற பெயரடைக்கு அடி 'செல்லம்' என்ற பெயர்ச்சொல். அதுவோ 'செல்வம்' என்ற சொல்லின் திரிபு என்பதே அகராதிகள் காட்டும் வழி. செல்வம் என்பது பொருள், வளம், நிறைவு. பொருளைக் குறித்த சொல் அன்பைக் குறிக்க வந்தது எப்படி என்று வியப்பதற்கு இடமில்லை. தமிழில் பிள்ளையைப் பொருளாகக் காண்பது மிகப் பழைய வழக்கம். 'தம்பொருள் என்பதம் மக்கள்' என்று குறள் (63) நேராகவே சொல்கிறது. திருப்பாவையின் முதல் பாசுரத்தில் ஆண்டாள் தோழியரைச் 'செல்வச் சிறுமீர்காள்' என்று விளிக்கிறார். மார்கழி விடியற்காலையில் நம் கோயில்களில் இதைப் பாடும் பிள்ளைகள், 'செல்வ' என்பது இங்கே பணக்காரச் சிறுமியரை மட்டும் குறிக்கவில்லை என்பதைப் பொருள் விளக்கம் கேட்காமலே உணர்ந்துகொள்கிறார்கள். வளமும் அருமையும் ஒரே அடைக்குள் நிற்கின்றன.

செல்வ, செல்ல என்ற இரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று மாறி நின்றதற்குக் கர்நாடகத்தின் மேல்கோட்டை நல்ல சான்று. திருநாராயணபுரம் என்று வைணவர் சொல்லும் அந்தத் தலத்தின் உற்சவரைச் 'செல்வப்பிள்ளை' என்றும் 'செல்லப்பிள்ளை' என்றும் அழைப்பர். இராமானுசர் அந்தத் திருமேனியை அப்படி அழைத்து மடியில் ஏற்றுக்கொண்டார் என்பது வைணவ மரபு.

செல்லம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. முன்பு தோட்டத்துப் பாட்டிமார் மடியை விட்டு அகலாமல் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டிக்கு 'வெற்றிலைச் செல்லம்' என்று பெயர். மூடியைத் திறந்தால் பாக்குக்கு ஓர் அறை, சுண்ணாம்புக்கு ஒரு சிமிழ், பாக்குவெட்டிக்கு ஓர் இடம், சில சமயம் அடியில் மடித்து வைத்த ஒரு நோட்டு. மலையாளம் பேசும் வீடுகளிலும் இதே பெட்டிக்கு 'முறுக்கான் செல்லம்' என்றுதான் பெயர்.

'ஊருக்குச் செல்ல வேண்டும்' என்பதில் வரும் 'செல்ல'வும், 'செல்லாக்காசு', 'செல்லாத வாக்கு' ஆகியவற்றில் வருவதும் வேறு. அவை 'செல்' என்ற வினையைச் சேர்ந்தவை. 'செல்லரித்த ஏடு' என்பதில் உள்ள செல் கறையான். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இவற்றை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இலக்கணம் காட்டும் வேறுபாடுகள்

இந்தச் சொல்லின் பொருள் அகராதியில் இருப்பதைவிட, அது வாக்கியத்தில் நிற்கும் முறையில் அதிகமாக இருக்கிறது. கீழே வரும் மூன்றையும் பிரித்து அறிந்தவருக்குத் தலைப்புச் செய்தியில் குழப்பம் வராது.

1. செல்ல, செல்லமான. 'செல்லம்' இன்னொரு பெயரோடு சேரும்போது மகர மெய் கெட்டு, வல்லினம் வந்தால் மிகும்: செல்லப்பிள்ளை, செல்லக்குட்டி, செல்லச் சண்டை. மெல்லினம் வந்தால் மிகாது: செல்ல மகள். 'மவ்வீறு ஒற்றழிந்து' என்று தொடங்கும் நன்னூல் நூற்பா இதைத்தான் சொல்கிறது. அணிச்சலில் 'செல்ல குட்டி' என்று ஒற்று இல்லாமல் எழுதுவது பிழை. இப்படிச் சேர்ந்த தொடர் ஒரு வகையைக் குறிக்கும். 'ஆன' சேர்த்துச் 'செல்லமான' என்றால் அது தன்மையைக் குறிக்கும். 'செல்லப்பெயர்' என்பது வீட்டில் வைத்த மறுபெயர். 'செல்லமான பெயர்' என்பது கேட்கும்போதே கொஞ்சத் தோன்றும் பெயர். அது பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயராகவும் இருக்கலாம்.

2. பாட்டியின் செல்லம், பேரனுக்குச் செல்லம். இதுதான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம். 'இவன் பாட்டியின் செல்லம்' என்று ஆறாம் வேற்றுமையில் சொன்னால், பாட்டிக்கு மிகவும் பிடித்த பேரன் என்று பொருள். குறை எதுவும் இல்லை. 'இவனுக்குச் செல்லம் அதிகம்' என்று நான்காம் வேற்றுமையில் சொன்னால், கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கப்படவில்லை என்று பொருள். முதல் வாக்கியத்தில் பிள்ளையே செல்லம். இரண்டாவதில் செல்லம் என்பது பிள்ளைக்குக் கொடுக்கப்படும் ஒரு பொருள். கொடுக்கப்படும் பொருளுக்கு அளவு உண்டு. அளவு உள்ளது எதுவும் மிஞ்சிப் போகலாம். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்' என்ற தொடர் இதிலிருந்தே பிறக்கிறது.

3. செல்லமாக. வினையடையாக வரும்போது இது அடுத்து வரும் வினையின் கடுமையைக் குறைக்கிறது. செல்லமாகத் திட்டினாள், செல்லமாகக் கிள்ளினாள், செல்லமாகக் கோபித்துக்கொண்டான். திட்டும் கிள்ளலும் கோபமும் நடந்தவை. ஆனால் அவை வலிப்பதற்காகச் செய்யப்படவில்லை என்று பேசுபவர் உறுதி சொல்கிறார். இந்த உறுதி எப்போது ஆபத்தாகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பள்ளியில் மலாய் படிக்கும் நம் பிள்ளைகள் 'செல்லம்' என்ற சொல்லுக்கு ஈடாக உடனே 'மஞ்சா' என்பார்கள். செல்லப்பெயருக்கு 'நாமா மஞ்சா' பொருந்தும். ஆனால் 'எங்கள் செல்ல மகள்' என்பதை 'அனாக் மஞ்சா' என்று பெயர்த்தால், கொஞ்சிக் கொஞ்சியே காரியம் சாதிக்கும் பிள்ளை, செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்ற சாயல் முன்னுக்கு வந்துவிடும். அந்த இடத்துக்கு, அன்பைக் குறிக்கும் 'சாயாங்' என்ற அடியில் பிறந்த 'அனாக் கெசாயாங்ஙான்' என்பதே தகும். தமிழில் ஒரே சொல் வேற்றுமை உருபின் துணையோடு காட்டும் இரண்டு பொருளை, மலாய் இரண்டு சொற்களில் காட்டுகிறது என்று கொள்ளலாம்.

குணம் யாரிடம் இருக்கிறது?

இனிப் பொருளின் மையத்துக்கு வருவோம். 'அழகான பிள்ளை' என்றால் அழகு பிள்ளையிடம் இருக்கிறது. 'சமத்துப் பிள்ளை' என்றால் சொன்னதைக் கேட்கும் இயல்பு அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. துறுதுறுப்பு, சுட்டித்தனம், மழலை, கொழுகொழு கன்னம் ஆகிய எல்லாமே பிள்ளையிடம் உள்ளவை. வழியில் போகும் அந்நியர்கூடப் பார்த்துச் சொல்லலாம். 'செல்ல' என்ற அடை அப்படிப்பட்டது அன்று. அது பிள்ளையின் குணத்தைச் சொல்லவில்லை. பிள்ளைக்கும் ஒருவருக்கும் இடையே உள்ள உறவைச் சொல்கிறது. 'செல்லப்பிள்ளை' என்ற உடனே 'யாருக்கு?' என்ற கேள்வி எழுகிறது. அப்பா செல்லம், அம்மா செல்லம், பாட்டி செல்லம் என்று அந்த இடம் நிரப்பப்பட வேண்டும். நிரப்பாமல் விட்டால், பேசுகிறவரே அந்த இடத்தில் நிற்பதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

தோட்டங்களில் இருந்த ஆயாக் கொட்டகையை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பொழுது விடியும் முன் தாய்மார் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் பதியும் இடத்துக்கு, போகும் வழியில் பிள்ளைகளைத் தூக்கத்தோடு அங்கே விட்டுச் செல்வார்கள். உத்தரத்தில் கட்டிய சாரோங் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்று அழுதால் அடுத்ததும் அழும். ஆயா ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவார். 'இவன் சமத்து', 'அவள் பிடிவாதம்', 'இது துறுதுறு' என்று ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்வார். ஆனால் அழுகிற பிள்ளையைத் தூக்கும்போது, எந்தப் பிள்ளையானாலும், வாயில் வரும் சொல் 'என் செல்லம்ல' என்பதுதான். பிடிவாதக்காரியும் செல்லம்தான். குணத்தைக் குறித்த சொற்கள் பிள்ளைக்குப் பிள்ளை மாறின. உறவைக் குறித்த சொல் மாறவில்லை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பிறகும் அந்தச் சொல் குழந்தைப் பராமரிப்பு மையங்களில் அப்படியே தொடர்கிறது.

பிள்ளைகளின் மயக்கும் இயல்பைத் தமிழில் மிகக் கூர்மையாகச் சொன்ன பாட்டு புறநானூற்றின் 188ஆம் பாட்டு. பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசன். பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வராக இருந்தாலும், பிள்ளை இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான். (பிள்ளைப்பேற்றை வாழ்வின் பயனோடு கட்டும் அந்தக் கருத்தை இன்று எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை, இங்கே நமக்கு வேண்டியது அவனுடைய சொல்லாட்சி.) 'குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்' என்று பிள்ளையின் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். குறுக அடி வைத்து நடந்து வருகிறது, கையை நீட்டுகிறது, கலத்தில் உள்ளதைக் கீழே இடுகிறது, தொட்டுப் பார்க்கிறது, வாயால் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் இறைத்துக்கொள்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகே அடை வருகிறது: 'மயக்குறு மக்கள்'. அந்த அடையிலும் மயங்குவது பிள்ளை அன்று, பார்க்கிறவர். சோற்றை இறைத்தது மட்டும் பிள்ளை. அதைக் குற்றமாகக் காணாமல் இன்பமாகக் கண்டது பெற்றோரின் கண். 'செல்ல' என்ற அடையும் இந்த வழியில் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

மேலிருந்து கீழே வரும் சொல்

உறவைச் சொல்லும் சொல்லுக்குத் திசையும் உண்டு. 'செல்ல' பெரியவரிடமிருந்து சிறியவருக்கு வருகிறது. மரண அறிவிப்புகளில் 'அன்புத் தாயார்', 'பாசமிகு தந்தை' என்று எழுதுகிறோம்; 'செல்லத் தாயார்' என்று யாரும் எழுதுவதில்லை. செல்லம்மா, செல்லையா, செல்லப்பன், செல்லத்துரை, செல்லக்கண்ணு என்று பாட்டன் பாட்டிமாருக்குப் பெயர் இருக்கிறதே என்றால், அவை அவர்கள் தொட்டிலில் கிடந்தபோது அவர்களைவிட மூத்தவர்கள் வைத்தவை.

தெய்வத்தையும் இப்படி அழைக்கிறோமே என்ற ஐயம் எழலாம். அப்படி அழைக்க வேண்டுமானால் தமிழ் முதலில் தெய்வத்தைக் குழந்தையாக்கிக்கொள்கிறது. தெய்வங்கள்மேல் பாடப்பட்ட பிள்ளைத்தமிழ் நூல்கள் இதைத்தான் செய்கின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாகத் தெய்வம் வளர்கிறது, பாடுபவர் தாயாகிறார். திசை மாறவில்லை, இடங்கள்தான் மாறின.

கணவன் மனைவிக்குள்ளும் நெருங்கிய நட்பிலும் இந்தச் சொல் இருபக்கமும் போகும். அங்கே மேல் கீழ் இல்லை, உரிமை இருக்கிறது. பணியிடத்தில் அந்த உரிமை இல்லை. மேற்பார்வையாளர் ஒருவர் தம்கீழ் வேலை செய்யும் பெண்ணைச் 'செல்லம்' என்று அழைத்தால், சொல் தன் திசையை மட்டும் வைத்துக்கொண்டு உறவை இழந்துவிடுகிறது. நாம் அன்பாகத்தானே அழைத்தோம் என்ற விளக்கம் அங்கே நிற்காது. ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு வேண்டிய உறவை ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. மலேசியாவில் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022இல் நிறைவேறியது. ஒரு விளி அந்தச் சட்டத்தின் கீழ் வருமா என்பது சூழலைப் பொறுத்தது. விரும்பாதவரைக் கொஞ்சல் மொழியில் அழைக்கக் கூடாது என்பதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செல்வ, செல்ல ஆகிய இரண்டில் எதை எங்கே எழுதுவது என்பதும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. பரிசளிப்புப் பட்டியலில் 'செல்வன்', 'செல்வி' என்றும், திருமண அழைப்பிதழில் 'திருவளர்செல்வி' என்றும் வருவது சபை வழக்கு. (திருவளர்செல்வி என்பதில் 'வளர்செல்வி' வினைத்தொகை, ஆகவே நடுவில் ச் மிகாது. 'திருவளர்ச்செல்வி' என்று அச்சிடும் பழக்கத்தை அச்சகத்தார் விட்டுவிடுவது நல்லது.) 'செல்ல மகள்' வீட்டு வழக்கு. பிறந்தநாள் வாழ்த்தில் அது அழகாக இருக்கும். நூற்றுக்கணக்கானவருக்கு அனுப்பும் அழைப்பிதழில் 'செல்லப் புதல்வி' என்று போட்டால் பிழையில்லை என்றாலும், வாசற்படியில் நின்று கொஞ்சுவதுபோல் தோன்றும்.

தலைப்புச் செய்தியில் செல்லப்பிள்ளை

தொடக்கத்தில் கண்ட இரு தலைப்புகளுக்கும் இப்போது விடை கிடைக்கிறது. எங்கே புகழ்ச்சி, எங்கே புகார் என்பதை 'யாருக்குச் செல்லம்' என்ற கேள்வியே தீர்க்கிறது.

1. செல்லம் கொடுப்பவர் விருப்பப்படி அன்பு காட்ட உரிமை உள்ளவரானால் அது புகழ்ச்சி. ரசிகர்கள் யாரை வேண்டுமானாலும் விரும்பலாம். ஒருவரை விரும்புவதால் மற்றவருக்கு எதுவும் குறைவதில்லை.

2. செல்லம் கொடுப்பவர் எல்லாரையும் ஒரே அளவில் நடத்தக் கடமைப்பட்டவரானால் அது புகார். அமைச்சு, பள்ளி நிர்வாகம், நடுவர், ஆலய நிர்வாகக் குழு, தோட்ட நிர்வாகம் ஆகியவற்றுக்குச் செல்லப்பிள்ளை இருக்கக் கூடாது. அங்கே ஒருவருக்குக் கொடுக்கும் செல்லம் இன்னொருவரின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது.

மலாய் ஏடுகள் இந்த இரண்டாவது பொருளுக்கு 'அனாக் எமாஸ்' என்கின்றன. தங்கப் பிள்ளை என்பது நேர்ச்சொல். மேலதிகாரியின் தயவைப் பெற்றவர் என்பது பொருள். தமிழில் 'தங்கப் பிள்ளை' என்றால் குணவான் என்று பொருள் மாறிவிடும். ஆகவே 'செல்லப்பிள்ளை' என்று பெயர்ப்பதே சரி. செல்வத்தில் பிறந்த தமிழ்ச் சொல்லும் தங்கத்தில் பிறந்த மலாய்த் தொடரும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இதன் மறுபக்கமும் இரு மொழியிலும் உண்டு. மலாயில் ஒருவரை 'அனாக் திரி' போல், அதாவது மாற்றான் பிள்ளைபோல், நடத்துவது என்பார்கள். தமிழில் மாற்றாந்தாய் மனப்பான்மை என்கிறோம். தமிழ்ப்பள்ளிகளுக்கான ஒதுக்கீடு பற்றிய அறிக்கைகளில் இந்தத் தொடர் எத்தனை முறை வந்திருக்கிறது என்பது வாசகர் அறிந்ததே. செல்லப்பிள்ளை என்ற குற்றச்சாட்டின் அடியில், எங்களை ஏன் மாற்றான் பிள்ளையாக்கினீர்கள் என்ற வலி இருக்கிறது. செய்தியாளர் அந்தச் சொல்லை எடுத்தாளும்போது, அது யாருடைய கூற்று என்பதைக் குறித்துவிட வேண்டும். மேற்கோள் குறி இல்லாமல் 'அமைச்சின் செல்லப்பிள்ளை நிறுவனம்' என்று எழுதினால், நாளிதழே தீர்ப்பு வழங்கியதாகிவிடும்.

'செல்லமாகத் தட்டினேன்'

செய்தி எழுத்தில் இதைவிடக் கவனம் வேண்டிய இடம் 'செல்லமாக' என்ற வினையடை. பிள்ளையின் உடம்பில் காயம் காணப்பட்டு, பராமரித்தவர் 'செல்லமாகத்தான் தட்டினேன்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தட்டினார் என்பது செயல். செல்லமாக என்பது அவருடைய மனநிலை பற்றி அவரே தரும் சான்று. 'பராமரிப்பாளர் பிள்ளையைச் செல்லமாகத் தட்டியதில் காயம் ஏற்பட்டது' என்று எழுதிவிட்டால், மனநிலையும் செய்தியாளரால் உறுதி செய்யப்பட்டதாகிறது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதையும் கவனிக்காமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. நடந்தது எது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஒரு வினையடை அதை முந்திக்கொள்ளக் கூடாது.

வீட்டிலும் இதே அளவுகோல் உண்டு. கிள்ளியது செல்லமாகவா இல்லையா என்பதைக் கிள்ளியவர் மட்டும் சொன்னால் போதாது. பிள்ளை சிரித்ததா, கையைத் தட்டிவிட்டு ஒதுங்கியதா என்பதும் சாட்சிதான். உறவினர் கூடும் விசேஷங்களில் கன்னத்தைக் கிள்ளும் கைகளுக்குப் பிள்ளைகள் பயந்து தாயின் பின்னால் ஒளிவதைப் பார்க்கிறோம். கிள்ளியவருக்கு அது செல்லம். பிள்ளைக்கு அது வலி. உறவைச் சொல்லும் சொல் இருவரிடமும் பொய்யாகாமல் இருக்க வேண்டும்.

செல்லப்பிராணியும் வளர்ப்புப் பிராணியும்

மலாயில் 'ஹைவான் பெலிஹாரான்' என்றால் வளர்க்கப்படும் விலங்கு. 'ஹைவான் கெசாயாங்ஙான்' என்றால் அன்புக்குரிய விலங்கு. முன்னதற்கு 'வளர்ப்புப் பிராணி', பின்னதற்குச் 'செல்லப்பிராணி' என்று தமிழில் சரியான இணைகள் உள்ளன. இன்று செய்திகளில் இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் செல்லப்பிராணி என்றே எழுதுகிறார்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் வளரும் மாடும் கோழியும் வளர்ப்புப் பிராணிகள். அவற்றை அன்பாக நடத்தலாம். அதனால் அவை செல்லப்பிராணிகள் ஆகிவிடுவதில்லை.

எல்லை எப்போதும் இப்படித் தெளிவாக இருப்பதில்லை. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று வீட்டில் வளர்கிறது. அதற்குப் பிள்ளைகள் பெயர் வைக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் தழை ஒடித்துக் கொடுக்கிறார்கள். அது அவர்களின் பின்னாலேயே வருகிறது. பெரியவர்களுக்கு அது நேர்ச்சை, பிள்ளைகளுக்கு அது செல்லம். படையலுக்கு நாள் குறித்ததும் பிள்ளைகள் அழுவதன் காரணம் இதுதான். விலங்கு ஒன்றே; 'யாருக்கு?' என்ற கேள்விக்கு வரும் விடைதான் இரண்டு.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, உரிமையாளரின் கடமைகளை வகுக்கும்போது அந்த விலங்கு கொஞ்சப்படுகிறதா என்று கேட்பதில்லை. ஏற்ற உணவு, ஏற்ற இடம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவை தரப்படுகின்றனவா என்றே கேட்கிறது. 'அது என் செல்லப்பிராணி இல்லை, சும்மா வாசலில் சாப்பிடும் நாய்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உரிமையாளர் யார் என்ற கேள்வி வரும்போது, செல்லம் இல்லை என்பது ஒரு விடை ஆகாது. ஊராட்சி மன்றத்தில் நாய்க்கு லைசன்ஸ் எடுக்க வேண்டிய பொறுப்பும் அப்படியே.

செல்லப்பெயர், பட்டப்பெயர், மறுபெயர்

இந்த மூன்றும் கலந்துபோவதால் வரும் சிக்கல் வெறும் மொழிச் சிக்கல் அன்று. பத்திரங்களில் போய் நிற்கிறது. செல்லப்பெயர் வீட்டார் அன்பால் வைத்தது: குட்டி, பாப்பா, ராஜா, கண்ணு. பட்டப்பெயர் ஊரார் ஒருவரின் தோற்றத்தையோ வேலையையோ பார்த்து வைத்தது. அதில் அன்பும் இருக்கலாம், கேலியும் இருக்கலாம். மறுபெயர் ஆவணத்தில் ஏறிய இரண்டாவது பெயர். மலேசிய அடையாள அட்டைகளில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'அட்' (@) குறி போட்டு எழுதப்பட்டிருப்பது அந்த மறுபெயர்தான். தமிழில் அதை 'என்கிற' என்று வாசிக்கிறோம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையில் பலரைச் செல்லப்பெயரால் மட்டுமே ஊர் அறியும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோலில், அதாவது வேலையாள் வருகைப் பதிவேட்டில், எழுதியது ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இருப்பது இன்னொரு பெயர், கூப்பிடுவது மூன்றாவது பெயர் என்றும் இருந்திருக்கிறது. ரோமன் எழுத்தில் செல்லையாவும் செல்லம்மாவும் சில ஆவணங்களில் 'எஸ்' என்ற எழுத்திலும், சிலவற்றில் 'சி எச்' என்ற எழுத்துகளிலும் தொடங்குவதால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவதும் உண்டு. மரண அறிவிப்பில் செல்லப்பெயரைச் சேர்த்து அச்சிடுவது இதனால் மிகவும் தேவையானது. அது இல்லாவிட்டால் இறந்தவர் யார் என்றே பலருக்குத் தெரியாது. ஆனால் ஊழியர் சேமநிதி, வங்கிக் கணக்கு, நிலப் பட்டா ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களில் செல்லப்பெயரை 'என்கிற' போட்டு எழுதிவிடக் கூடாது. ஆவணத்தில் ஏறாத பெயரை எழுதினால், அது வேறொருவர் என்ற ஐயத்தைக் கிளப்பி விண்ணப்பத்தைத் தாமதப்படுத்தும். ஆவணங்களுக்குள்ளேயே பெயர் மாறுபட்டிருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி பிரமாணம் செய்து இணைக்க வழி இருக்கிறது. அதில் ஒவ்வொரு பெயரையும் அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்திலேயே, புள்ளி மாறாமல் எழுதி, எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.